நிற்க ஓர் இடம்
(அங்கவீனர் வாகன அனுமதிச் சீட்டின் வரலாறு)

தோற்றுவாய்

மலைநாட்டிற் பிறந்தவர்க்குக் காகிதத்தின் அருமையைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. எம் பாட்டன்மார் தகரப்பெட்டியின் அடியிலே, கலியாணச் சேலைக்குங் கீழே, வைத்துக் காத்தது பொன்னன்று, காகிதமே. பிறப்புப் பத்திரம், பிரசாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதிச் சீட்டு என அவை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கும். அத்தகைய காகிதங்களுள் மிகச் சிறியதொன்றின் வரலாற்றை இக்கட்டுரையிற் கூற விரும்புகின்றேன். நடக்க இயலாதார் ஏறிச்செல்லும் வண்டியின் முன்கண்ணாடியில் வைக்கப்பெறும் தரிப்பிட அனுமதிச் சீட்டே அது.

“லயத்திலே வாழ்பவனுக்கு மோட்டார் வண்டி ஏது? அதனை நிறுத்தும் அனுமதிச் சீட்டின் கதை எமக்கெதற்கு?” என வாசகர் நகைத்தலுங் கூடும். அவர்க்கு ஒரு சம்பவங் கூறுவேன்.

என் பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் முப்பதாண்டு வேலை செய்தவர். மழைநாளொன்றிற் கொழுந்து மூட்டையுடன் படியில் வழுக்கி விழுந்து, காயம் ஆறாமல், இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். தாம் பெறும் உதவிப்பணத்திற்குரிய பத்திரத்தைப் புதுப்பித்தற்பொருட்டு, ஓர் ஆடி மாதத்திலே வாடகை ஆட்டோவில் அவரை ஒரு காரியாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். காவலாளி வண்டியை உள்ளே விடவில்லை. வாயிலருகே நிறுத்தவும் இடமில்லை. கீழே வளைவில் இறங்கி, ஊன்றுகோலுடன், கொட்டும் மழையிலே நாற்பத்து மூன்று படி ஏறினார் அவர். ஒவ்வொரு படியையும் யான் எண்ணினேன். மேலே இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். ஆயினும், வைத்தியர் கொடுத்த அத்தாட்சி காலங்கடந்ததென்றும், புதியதொன்று கொண்டுவர வேண்டுமென்றும் கூறிவிட்டார். “ஐயா, கால் இன்னும் முளைக்கல்லீங்களே!” என்றார் பெரியப்பா. “விதி அப்படி, பெரியவர்” என்றார் உத்தியோகத்தர்.

அன்று இறங்கி வருகையில் இரண்டு கேள்விகள் என் மனத்தில் எழுந்தன. நடக்க முடியாதவனின் வண்டி வாயிலருகே நிற்றற்கு உரிமை ஏன் இல்லை? மாறாத குறையொன்றை மீண்டும் மீண்டும் நிரூபிக்கச் சொல்வது எதற்கு? இவ்விரண்டிற்கும் சரித்திரத்திலே விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

துண்டும் தகரமும்

முதலில் எம் வீட்டுக் காகிதங்களை நோக்குவாம். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடத் தொடங்கிய பின்னர், தென்னிந்தியாவினின்றும் ஆயிரமாயிரமாய்த் தொழிலாளர் இம்மலைகளுக்கு வந்தனர். அவர்களைக் கட்டி வைத்தது இரும்புச் சங்கிலியன்று. “துண்டு” என்னுஞ் சிறு காகிதமே. இன்ன தொழிலாளர்க்கு இவ்வளவு கடன் உண்டு, அதனைச் செலுத்துவோர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுக்குஞ் சீட்டு அது. துண்டில்லாதவனை மற்றொரு தோட்டம் ஏற்காது. கடனோ கங்காணியின் கணக்கிலே வளர்ந்துகொண்டேயிருக்கும். 1921 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே இத்துண்டு முறையை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கடல் கடந்து வருவோர்க்குத் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. கழுத்திலே தொங்கிய அத்தகரமே ஆளின் முகவரியாயிற்று.

பின்பு சுதந்திரம் வந்தது, காகிதம் ஒழியவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் எம்மவர் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் மனுச்செய்ய 1951 ஆகஸ்ட் 5 வரை தவணை கொடுக்கப்பட்டது. விவாகமானவர் ஏழாண்டும், ஆகாதவர் பத்தாண்டும், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வசித்தமையை நிரூபித்தல் வேண்டும். சுமார் 2,37,000 மனுக்கள், சுமார் 8,25,000 பேருக்காகச் சென்றன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் தொகை ஏறக்குறைய 1,34,000 மட்டுமே. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பேசித் தீர்க்கலாமென விட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இக்கதை நீண்டது.

இதனை இங்கே விரித்தமைக்குக் காரணம் உண்டு. இவையாவும் மனிதனை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் காகிதங்கள். இனி யான் கூறப்போவதோ, நகரமுடியாதவனை நகரச்செய்யும் காகிதத்தின் கதை. இரண்டும் காகிதமே, கருத்தோ நேர்மாறானது.

இளநீல வண்டி

முதலாம் உலக யுத்தமும் இரண்டாம் உலக யுத்தமும் கையிழந்தோரையும் காலிழந்தோரையும் ஐரோப்பியத் தெருக்களில் நிறைத்தன. இங்கிலாந்திலே பேர்ட் கிறீவ்ஸ் என்பவர், உடல் வழங்காத தம் உறவினர் ஒருவரின் சக்கர நாற்காலியில் மோட்டாரொன்றைப் பொருத்திப் பார்த்தார். அம்முயற்சியிலிருந்து “இன்வாக்கார்” என்னும் முச்சக்கர வண்டி பிறந்தது. அரசாங்கம் இளநீல நிறம் பூசிய இத்தகைய வண்டிகளைப் போரிற் காயமுற்றோர்க்கும் பிற அங்கவீனர்க்கும் கொடுத்துவந்தது. அவ்வண்டியில் ஓர் ஆசனமே உண்டு. மனைவியையோ பிள்ளையையோ உடனேற்றிச் செல்ல வழியில்லை. 2003 மார்ச் 31 உடன் அவ்வண்டிகள் பாதுகாப்புக் காரணமாகத் தெருவினின்றும் விலக்கப்பட்டன.

வண்டி கிடைத்தது, ஆனால் நகரங்களில் வாகனம் பெருகப் பெருக நிறுத்துமிடம் அருகிற்று. கடைவாயிலிலே நிறுத்தலாகாதென மஞ்சட் கோடு கிழிக்கப்பட்டது. நடக்க வல்லவர்க்கு அக்கோடு ஒரு சிறு தொல்லை. நடக்க மாட்டாதவர்க்கோ அது மதில்.

இம்மதிலைச் சட்டத்தினாற் பெயர்த்தவர் மான்செஸ்ரர் நகரப் பார்லிமெந்து அங்கத்தவர் அல்பிரட் மொறிஸ். அவர் வறிய குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் முதலாம் யுத்தத்திலே நச்சுவாயுவினாலும் காயங்களினாலும் உடல்நலங் கெட்டு, மகன் சிறுவனாயிருக்கும்போதே மறைந்தவர். பார்லிமெந்தில் தனியங்கத்தவர் மசோதா கொண்டுவரும் வாய்ப்புச் சீட்டுக் குலுக்கலாலே தீர்மானிக்கப்படும். 1969 இல் அக்குலுக்கலில் மொறிசின் பெயர் முதலாவதாய் வந்தது. கிடைத்த வாய்ப்பை அவர் நாட்பட்ட நோயாளரும் அங்கவீனரும் பற்றிய மசோதாவுக்குப் பயன்படுத்தினார். இடையே பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. பார்லிமெந்து கலையுமுன் அது நிறைவேறாவிடின் முயற்சியனைத்தும் பாழ். 1970 மே 29 ஆந் தேதி, கலையுந் தறுவாயிலே, அதற்கு அரசியின் சம்மதம் கிடைத்தது. மொறிஸ் 1974 இல் அங்கவீனர்க்கென அமைச்சராய் நியமிக்கப்பெற்றார். உலகில் அத்தகைய பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே.

அச்சட்டத்தின் 21 ஆம் பிரிவே எம் விஷயம். அங்கவீனர் பயன்படுத்தும் வாகனத்திற் காட்டுதற்கென உள்ளூராட்சி சபைகள் ஓர் அடையாளச் சீட்டு வழங்கவேண்டுமென அது விதித்தது. 1971 டிசம்பரிலே செம்மஞ்சள் நிறத்தில் அச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய நாடுகள் ஒரே மாதிரியைக் கைக்கொள்ள 1998 இல் இணங்கியமையால், 2000 ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் அது நீலச் சீட்டாக மாறியது.

உலகமெங்கும் இன்று காணப்படும் சக்கர நாற்காலிச் சித்திரமும் இதே காலத்ததே. 1968 இல் சூசன் கோவெட் என்னும் டென்மார்க்கு நாட்டு மாணவி அதனை வரைந்தாள். அவள் வரைந்ததிலே நாற்காலி மட்டுமே இருந்தது, தலையில்லை. பின்னர் மேலே ஒரு வட்டம் சேர்க்கப்பட்டது. நாற்காலி மனிதனாயிற்று. 1969 இல் அது சர்வதேசச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாணவப் பருவத்தில் ஒருவர் செய்த சிறு காரியம் எவ்வளவு தூரஞ் செல்லுமென்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

ஆளுக்கா, வண்டிக்கா?

இச்சீட்டின் வரலாற்றிலே எமக்கு மிக முக்கியமான கருத்தொன்றுண்டு. நீலச் சீட்டு வண்டிக்குரியதன்று, ஆளுக்குரியது. சீட்டுடையவர் தாமே ஓட்டினாலும், மகன் ஓட்டினாலும், வாடகை வண்டியிற் சென்றாலும் அச்சீட்டு அவருடன் செல்லும். அவர் வண்டியில் இல்லாதபோது, அவர் பொருட்டன்றித் தம் வேலைக்கு அதனைக் காட்டி நிறுத்துதல் குற்றமாகும். கனடாவிலே, எம் தமிழர் பெருந்தொகையாய்க் குடியேறிய ரொறன்ரோ நகரையுடைய ஒன்ராறியோ மாகாணத்திலும் விதி இதுவே.

ஆகவே, “லயத்தில் எவனிடம் மோட்டார் உண்டு?” என்னும் வினாவுக்கு இங்கே விடை கிடைத்துவிடுகின்றது. மோட்டார் வேண்டியதில்லை. வாடகை ஆட்டோவே போதும். என் பெரியப்பாவின் சட்டைப்பையில் அத்தகைய சீட்டொன்று இருந்து, அதனை மதிக்கும் விதியொன்றும் இருந்திருப்பின், அந்த ஆட்டோ வாயில்வரை சென்றிருக்கும். நாற்பத்து மூன்று படி நான்காய்க் குறைந்திருக்கும்.

புதுப்பித்தல்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். சீட்டை ஏன் புதுப்பிக்க வேண்டும்?

நியாயமான காரணங்கள் இல்லாமலில்லை. சிலரின் குறை குணமாகும். சீட்டுடையவர் காலமான பின்னர் உறவினர் அதனைக் கையாளுதலும் உண்டு. விலை கொடுத்து வாங்குவோரும் திருடுவோரும் உளர். பிரித்தானியாவிலே இத்தகைய மோசடியைத் தடுக்க 2013 இல் தனிச்சட்டமொன்று இயற்றப்பட்டது. ஒரு போலிச் சீட்டு நிற்கும் இடத்திலே உண்மையான அங்கவீனர் ஒருவர் நிற்க முடியாது போகின்றார் அன்றோ? எனவே காலவரையறை வேண்டுவதே.

ஆனால் காலவரையறை வேறு. குறையை மீண்டும் நிரூபித்தல் வேறு. இவ்விரண்டையும் நாடுகள் எவ்வாறு கையாளுகின்றன எனப் பார்ப்போம். இங்கிலாந்திலே நீலச் சீட்டு பெரும்பாலும் மூன்றாண்டுக்குச் செல்லும். கட்டணம் 10 பவுணுக்கு மேற்படாது. அது தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. தவணை முடியுமுன் மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். 2019 ஆகஸ்ட் முதல், வெளியே தெரியாத குறைபாடு உடையோரும் அங்கே விண்ணப்பிக்கலாம். கால் இருந்தும் அச்சத்தாலோ மனக்குழப்பத்தாலோ தெருவிலே தனித்துச் செல்ல இயலாதாரும் உளர் என்பதைச் சட்டம் உணர ஐம்பதாண்டு சென்றது!

ஒன்ராறியோவில் நிரந்தரக் குறையுடையார்க்கு ஐந்தாண்டுச் சீட்டு, கட்டணமின்றிக் கொடுக்கப்படுகின்றது. ஐந்தாண்டு கழிந்தபின் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் வைத்தியரிடம் மறுபடியுஞ் சென்று அத்தாட்சி பெறவேண்டுவதில்லை. தற்காலிகக் குறையுடையார்க்கு வேறு நிறத்தில் வேறு சீட்டு. இந்தியாவிலோ, 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்னைய 1995 ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக விரித்தது. அதன்கீழ் 2017 இல் வந்த விதிகளின்படி, மாற்றமடைய வாய்ப்பில்லாத குறைக்கு நிரந்தரச் சான்றிதழே வழங்கப்படும். ஒப்பந்தத்தின்படி கப்பலேறிக் கோத்தகிரிக்குச் சென்ற என் அத்தையின் மகன் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். அவருடைய சான்றிதழிலே “நிரந்தரம்” என்று எழுதியிருப்பதை அத்தை தொலைபேசியிற் பெருமையுடன் வாசித்துக் காட்டினார். அச்சொல்லின் அருமை ஆண்டுதோறும் ஆசுப்பத்திரி வரிசையில் நின்றவர்க்கே விளங்கும்.

ஆக, “விதி அப்படி” என்பது முடிந்த முடிபன்று. வேறு விதமாகவும் விதி அமையலாம் என்பதற்கு உலகமே சாட்சி.

எம் நாட்டிலே

எம் நாடும் வாளாவிருக்கவில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனரின் உரிமைகளைப் பாதுகாத்தற்கென இயற்றப்பட்டது. தேசிய சபையொன்றும் அதன்கீழ் அமைந்தது. 2006 அக்டோபரில், பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் செல்லுதற்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. ஏற்கெனவேயுள்ள கட்டடங்களைத் திருத்த மூன்றாண்டு தவணை கொடுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் அங்கவீனர் உரிமைப் பட்டயத்தில் 2007 இல் கைச்சாத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதனை உறுதிப்படுத்தியது இலங்கை.

சட்டம் ஏட்டிற் கிடந்தால் போதுமோ? அதனைத் தெருவுக்குக் கொணர ஓர் ஆள் வேண்டும். கலாநிதி அஜித் பெரேரா அத்தகையவர். இரசாயன அறிஞராயும் கிரிக்கெட் நடுவராயும் விளங்கிய அவர், 1992 இல் தாம் ஓட்டிச்சென்ற கார்மீது வீதியோர மரமொன்று வீழ்ந்தமையாற் சக்கர நாற்காலியில் அமர நேர்ந்தது. தாமே உயர்நீதிமன்றத்திற் சென்று வழக்காடி, புதிதாய் எழும் பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென 2009 ஏப்ரல் 27 இல் கட்டளை பெற்றார்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமான எம் நாட்டவருள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், ஏதேனும் ஒரு குறைபாடுடையவர். இவர்களிற் சமவெளியில் வாழ்பவன் ஒருவன் படும் பாட்டினும் மலைச்சரிவில் வாழ்பவன் படும் பாடு பெரிது. தோட்டத்திலே லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வரவே படி. தெருவிலிருந்து ஹற்றன் கடைவீதிக்குச் சென்றாலும் ஏற்றம். நுவரெலியாவோ ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள ஊர். சாய்தளமொன்று கட்டிவிட்டாற் போதுமெனக் கருதுதல் தவறு. சாய்தளத்தின் அடிவரை வண்டி வரவேண்டும். வந்த வண்டி நிற்கவேண்டும். நிற்க இடமில்லாவிடின் சாய்தளம் அலங்காரமே. சக்கர நாற்காலிச் சித்திரம் வரைந்த இடத்திலே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாய் நிற்றலை யான் கண்டிருக்கின்றேன். அவற்றை நிறுத்திச் சென்றவர் கொடியவரல்லர். அச்சித்திரத்தின் பொருளை எவருஞ் சொல்லாததால் அறியாதவர்.

முடிவுரை

யான் பயின்ற மிஷன் பாடசாலையிலே ஒரு கதை சொல்வர். வாதநோயாளன் ஒருவனைக் கட்டிலோடு நால்வர் சுமந்து வந்தனராம். வாயிலிற் கூட்டம் வழிவிடாதாகையாற் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினராம். வீட்டிலே பாட்டி சொன்னது தண்டியடிகள் கதை. கண்ணில்லாத அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்ட விரும்பி, கோல்களை நாட்டிக் கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவி மண் சுமந்தார். ஒன்றிலே நண்பர் வழி செய்தனர். மற்றதிலே தாமே வழி செய்துகொண்டார். இரண்டும் வேண்டும் என்பதே என் துணிபு. கூரையைப் பிரிக்கும் நால்வரும் வேண்டும். கட்டிய கயிற்றை எவரும் அறுக்காதிருக்க ஒரு விதியும் வேண்டும்.

பெரியப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். ஒரு மாதத்தின் பின் புதிய வைத்திய அத்தாட்சியுடன் மீண்டுஞ் சென்றோம். இம்முறை யானும் சங்கத் தோழர் இருவரும் முதல்நாளே காவலாளியைக் கண்டு விஷயத்தை விளக்கினோம். அவரும் எம்மவரே; “முன்னமே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். ஆட்டோ வாயில்வரை சென்றது. பெரியப்பா நனையவில்லை. பத்திரமும் புதுப்பிக்கப்பட்டது. வீடு திரும்புகையில் அவர் மகிழ்ந்திருந்தார். யானோ மகிழவில்லை. அந்தக் காவலாளி மாறிவிட்டால்? நாங்கள் மூவரும் ஊரில் இல்லாவிட்டால்? அன்று கிடைத்தது தயவு; உரிமையன்று. தயவு ஆளைப் பொறுத்தது. உரிமை காகிதத்தைப் பொறுத்தது. துண்டினால் ஒருகாலத்திற் கட்டுண்ட மக்கள், தம்மை அவிழ்த்துவிடும் காகிதத்தையும் கேட்டுப் பெறுதல் தகும்.

ஆதலின், வாலிப அன்பர்காள்! சங்க மண்டபத்திலே மாதத்தில் ஒரு ஞாயிறு விண்ணப்பப் பத்திரங்களை நிரப்பிக் கொடுப்போம். எவருடைய அத்தாட்சி எந்நாளில் முடிகின்றதென ஒரு கொப்பியிற் குறித்து, ஒரு மாதம் முன்னரே அவர் வீட்டுக்குச் சென்று நினைவூட்டுவோம். ஊன்றுகோலுடன் வருவோரின் வண்டி வாயிலருகே நிற்க ஓர் இடம் ஒதுக்கும்படி, உள்ளூராட்சி சபைக்கும் காரியாலயங்களுக்கும் ஒப்பமிட்டு மனுக் கொடுப்போம். மாறாத குறைக்கு மாறாத சான்றிதழ் வேண்டுமென அதே மனுவிற் கேட்போம். மனு எழுதுதல் எம் மக்களுக்குப் புதிதன்று. இம்முறை, நாற்பத்து மூன்று படிகளுக்குக் கீழே மழையில் நிற்பவர்க்காக எழுதுவோம்.